நாலாவது இடம்

1

இணையத்தில் முதன்முதலாக எதையாவது எழுதிப் போட்டவர்களுக்கு அடுத்து வரும் மூன்று நாட்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். காலையில் எழுந்ததும் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஏழு என்று காட்டும். அதில் நான்கு முறை நாமே வெவ்வேறு கணினியிலிருந்து திறந்து பார்த்தது. ஒன்று அறைத்தோழன். மீதி இரண்டு பேர் யார் என்ற யோசனையிலேயே அன்றைய வகுப்புகள் முடிந்துவிடும். மூன்றாம் நாள் இரவு, பொறுக்கமாட்டாமல், வருகையாளர்களைக் கூட்டுவது எப்படி என்று தேடுபெட்டியில் அடிப்போம். நானும் அடித்தேன். 2011, பொறியியல் மூன்றாம் ஆண்டு, விடுதியின் கணினி அறை.

அன்று எனக்குக் கிடைத்த கட்டுரையும் இன்று ஒருவருக்குக் கிடைக்கும் கட்டுரையும் அநேகமாக ஒன்றுதான். தலைப்பில் ஓர் எண் இருக்கட்டும். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடி. அந்தச் சொல்லைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இடைத்தலைப்புகளிலும் வை. தினமும் ஏதாவது எழுது. பிறர் பக்கத்தில் போய்க் கருத்துச் சொல், அவர் உன் பக்கம் வருவார். படம் சேர். பகிரச் சொல்லிக் கேள். இப்படிப் பத்துப் பதினைந்து கட்டளைகள். கடைசியில், பொறுமை வேண்டும் நண்பர்களே என்று ஓர் ஆறுதல்.

இந்த வகை எழுத்தை நம் இலக்கிய விமர்சனம் சீண்டுவதே இல்லை. மணிமேகலைப் பிரசுரத்தின் 'எப்படி' நூல்களுக்கு யார் மதிப்புரை எழுதினார்கள்? ஆனால் இதை அப்படி விட்டுவிட முடியாது என்று நினைக்கிறேன். இன்றைக்குத் தமிழில் எழுத வரும் இருபது வயதுக்காரர், எழுத்தைப் பற்றி முதலில் படிக்கும் உரைநடை பெரும்பாலும் இதுதான். எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது, எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது என்று இதுவே சொல்லிக்கொடுக்கிறது. ஒரு காலத்தில் இலக்கண நூல்கள் செய்த வேலை அது. ஆகவே ஓர் இலக்கண நூலை வாசிக்கும் அக்கறையோடு இதை வாசித்துப் பார்க்கலாம்.

எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அந்தக் கட்டளைகளை ஒழுங்காகப் பின்பற்றி நான் ஜெயித்தேன். அந்த ஜெயிப்புக்கான பில் ஆறு வருடம் கழித்து ஒரு மின்னஞ்சலாக வந்தது.

2

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாசகர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கிற ஒரு மரபு நம்மிடம் இருக்கிறது. முந்நூறு பிரதி அச்சடித்தோம் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்தார். ஆள் ஆளாகப் பார்த்துப் பேசிச் சேர்த்தார். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா பிற்பாடு புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். வாசகரைத் தேடிப் போவது கேவலமென்றால் இவர்கள் இருவரும் கேவலப்பட்டவர்கள் என்றாகிவிடும்.

தமிழ் இணையத்துக்கு இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒரு குறியாக்கம். டிஸ்கி, டாப், டாம் என்று வகைவகையாக இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தால் பூச்சியும் புழுவுமாகத் தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரிந்தது. நீங்கள் எவ்வளவு நல்ல கட்டுரை எழுதியிருந்தாலும், முகவரி தெரியாத ஒருவர் தேடி வந்தடைய வழியில்லை. யூனிகோடு பரவிய பிறகே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி, முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. 2004இல் தமிழ்மணம் போன்ற திரட்டி வந்தபோது, அதன் முகப்பில் நம் தலைப்பு ஒரு மணி நேரம் நின்றால் போதும் என்று எழுதியவர்கள் காத்திருந்ததில் கேலிக்குரியது எதுவும் கிடையாது.

ஆக, கண்ணில் படும்படி எழுது என்கிற யோசனையில் தப்பில்லை. தெளிவான தலைப்பு, சரியான சொல், எளிதில் திறக்கும் பக்கம் எல்லாம் வாசகருக்குச் செய்யும் மரியாதை. என் பிரச்சினை அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது.

3

நான் முதலில் எழுதியது என் தாத்தாவின் கிணற்றைப் பற்றி. விருதுநகர்ப் பக்கம் கரிசல் காட்டுக் கிணறு. மின்மோட்டார் வருவதற்கு முன்பு கமலை இறைத்த கதையை அவர் சொல்லக் கேட்டு எழுதினேன். மொத்தம் பதினொரு பேர் படித்தார்கள். அதில் ஒருவர், பேச்சிலிருந்து பார்த்தால் பெரியவர், நீளமாக ஒரு கருத்து எழுதினார். தம்பி, வடக்கயிறும் வால்கயிறும் ஒன்றல்ல, நீ குழப்பிவிட்டாய், சாலைத் தூக்குவது வடம், தோல்வாயைப் பிடித்திருப்பது வால்கயிறு என்று விளக்கியிருந்தார். திருத்திக்கொண்டேன்.

2012 மே மாதம் வேறொன்று எழுதினேன். அது பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலம். எந்த வீட்டைப் பார்த்தாலும் 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்ற பேச்சு. படித்த கட்டளைகளை ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். தலைப்பில் எண்: பத்து. மக்கள் தேடுவது: பொறியியல் கல்லூரி. ஊர்: மதுரை வட்டாரம். பத்துக் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல் தயார்.

அந்தப் பத்தில் நான் வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது இரண்டு. மற்ற எட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்தின் பின்பக்க விளம்பரமும் அவர்களுடைய தளத்தில் போட்டிருந்த வாசகங்களும்தான். வரிசையை எப்படி முடிவு செய்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் மூன்றும் ஊரறிந்தவை. அதற்குப் பிறகு, தேடுபெட்டியில் ஊர்ப்பெயரை அடித்து, எந்தக் கல்லூரியின் பெயர் தானாக மேலே வருகிறதோ அதை மேலே வைத்தேன். நிறையப் பேர் தேடுகிற பெயர் என் பக்கத்தில் உயரத்தில் இருந்தால் என் பக்கமும் உயரத்துக்குப் போகும் என்பது கட்டுரையில் படித்த பாடம். ஒரு கல்லூரி அப்படித்தான் நாலாவது இடத்துக்கு வந்தது.

ஜூன் மாதம் ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். ஆகஸ்டுக்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. காசு வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு பைசா வரவில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்களுக்குத் தமிழ் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டதே 2018இல்தான். வெறும் எண்ணுக்காகத்தான் எழுதினேன். அந்த எண் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூட, தம்பி நாலாவது இடம் தப்பு என்று எழுதவில்லை. கிணற்றுக் கட்டுரைக்குப் பதினொரு பேரில் ஒருவர் கயிறு தப்பு என்றார். இந்த வித்தியாசம் அன்றைக்கு என் மூளையில் உறைக்கவே இல்லை.

4

இந்த ஆலோசனைக் கட்டுரைகளின் மொழியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இவை ஆங்கிலத்தில் உருவானவை. தமிழுக்குப் பெயர்ந்து வந்தவை. ஆங்கிலத்தில் ஒரு தேடுசொல்லை அப்படியே திரும்பத் திரும்ப வைக்கலாம். வாக்கியத்தில் எங்கே போனாலும் பெரும்பாலும் அந்தச் சொல் உருமாறாது. தமிழில் அப்படி இல்லை. கல்லூரி என்பது கல்லூரியில், கல்லூரிக்கு, கல்லூரியை, கல்லூரியோடு என்று வேற்றுமை உருபைச் சேர்த்துக்கொண்டுதான் வாக்கியத்தில் உட்காரும். தேடுபவர் என்ன அடிக்கிறாரோ அதே வடிவில் சொல் இருக்கவேண்டும் என்று எழுதுகிறவர் நம்பிவிட்டால் முதலில் வெட்டுப்படுவது உருபுதான்.

என் பட்டியலின் முதல் பத்தியைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தேன். 'மதுரை சிறந்த பொறியியல் கல்லூரி தேடும் மாணவர்களுக்கு மதுரை சிறந்த பொறியியல் கல்லூரி பட்டியல்' என்று எழுதியிருக்கிறேன். எந்த ஊரிலும் எந்த மனிதரும் வாயால் சொல்லாத வாக்கியம். மதுரையில் இல்லை, கல்லூரியைத் தேடும் இல்லை, கல்லூரிகளின் இல்லை. ஐ, இல், இன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். வேற்றுமை உருபு என்பது ஒரு பெயருக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று சொல்லும் கருவி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயர்களின் குவியல். மளிகைக்கடைச் சீட்டுக்கூட இதைவிட மேல். அதில் அளவாவது இருக்கும்.

இது மொழித்தூய்மைப் புகார் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். உறவைச் சொல்லவேண்டிய கட்டாயம் போனதும் தெரிந்துகொள்ளவேண்டிய கட்டாயமும் போய்விட்டது என்பதுதான் விஷயம். 'இந்தக் கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் படித்தார்' என்று முழு வாக்கியமாக எழுத உட்கார்ந்திருந்தால், எனக்குத் தெரிந்த ஒருவரும் படிக்கவில்லையே என்று கை நின்றிருக்கும். பெயர்க்குவியலை எழுதும்போது கை நிற்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று, இவற்றின் கட்டமைப்பு. கேள்வியைத் தலைப்பில் போட்டு, பதிலைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போவது. ரிசல்ட் எப்போது என்று தேடி வந்தவருக்கு, ரிசல்ட் என்றால் என்ன என்று இரண்டு பத்தி, போன வருடத்து வரலாறு ஒரு பத்தி, கடைசியில் 'தேதி விரைவில் அறிவிக்கப்படும்'. துப்பறியும் நாவலில் பதிலைத் தள்ளிப்போடுவது வாசகரோடு ஆடும் விளையாட்டு. முடிவில் பதில் உண்டு. இங்கே தள்ளிப்போடுபவரிடம் பதிலே கிடையாது. இந்தச் சூத்திரம் இவ்வளவு கச்சிதமானது என்பதால்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் இப்படி ஒன்றை எழுதித் தந்துவிடுகிறது. எழுதுபவருக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை என்ற ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. இயந்திரம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

5

தொழிலில் நான் மென்பொருள் ஆள் என்பதால் அந்த எண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிதாக எழுதுபவர் அவற்றைக் கண்ணாடி மாதிரி நம்புகிறார். அவை எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தால் அவ்வளவு நம்பமாட்டார்.

2023 ஜூலை வரை பெரும்பாலான தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவம். ஒரு பக்கத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பதை அது கணக்கிட்ட முறை எளிமையானது. அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழிப்பது. சரி, அடுத்த பக்கம் என்று ஒன்றைத் திறக்கவே இல்லையென்றால்? கழிப்பதற்கு எண் கிடையாது. வேறு சொடுக்கு எதையும் தனியாகப் பதிவு செய்ய ஏற்பாடு இல்லையென்றால் அந்த வருகையின் நேரம் பூஜ்யம்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் கட்டுரைக்கு நேராக வருகிறார். இருபது நிமிடம் வரி விடாமல் படிக்கிறார். மனசு கனத்துப்போய்க் கணினியை மூடிவிட்டுத் தன் தாத்தாவுக்குப் போன் போடுகிறார். கணக்கில் அவர் பூஜ்ய வினாடி இருந்தவர், வந்தவுடன் துள்ளி ஓடியவர்; பவுன்ஸ். இன்னொருவர் என்ன எழவு இது என்று எரிச்சலில் நான்கு பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறார். அவர் நல்ல வாசகர்.

இப்போதைய வடிவம் கணக்கை மாற்றியிருக்கிறது. பத்து வினாடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் குறித்துவைத்த ஏதாவது ஒரு செயலைச் செய்தாலோ அது 'ஈடுபாடு உள்ள' வருகை. பத்து வினாடி. பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கூட அதைவிட அதிக நேரம் நிற்பார். இந்தக் கருவிகளைச் செய்த பொறியாளர்களை நான் குறை சொல்லவில்லை. கடை வைத்திருப்பவருக்கு, எத்தனை பேர் உள்ளே வந்து அடுத்த அலமாரிக்குப் போனார்கள் என்று தெரியவேண்டும். அதற்கு இது போதும். நாம்தான் கடைக்காரரின் தராசில் கட்டுரையை ஏற்றி வைத்துவிட்டு முள்ளைப் பார்த்து அழுகிறோம். ஆலோசனைக் கட்டுரைகள் இந்த முள்ளை அசைக்கச் சொல்லித்தருகின்றன. முள் எதை அளக்கிறது என்று புதியவருக்கு ஒரு பத்தி சொன்னால் என்ன?

6

நம்மிடம் இதற்கு வேறு இலக்கணம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பன் ஒருவனுக்காகப் புரட்ட நேர்ந்தது. ஒரு நூலின் முகப்பில் என்னென்ன சொல்லப்படவேண்டும் என்று அது எட்டு விஷயங்களை வகுக்கிறது. எழுதியவர் யார், எதன் வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலின் பெயர், அதன் யாப்பு, எதைப் பற்றியது, கேட்போர் யார், அவர்களுக்கு என்ன பயன். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மெட்டாடேட்டா என்று அழைப்பது இதைத்தான். பக்கத்தின் தலையில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறிக்காக எழுதிவைக்கும் விவரங்கள். ஆசிரியர் பெயர் உண்டு, தலைப்பு உண்டு, பொருள் உண்டு, தேதி உண்டு. சுருக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. தேடுசொற்களுக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதில் கண்டதையும் அடைத்ததால், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கேட்போர் யார் என்பதற்கு மட்டும் நான் பயன்படுத்திய எந்தக் கருவியிலும் கட்டம் இல்லை. ஆலோசனைக் கட்டுரைகளும் 'எல்லோரையும் வரவழை' என்றே சொல்கின்றன.

நன்னூல் இதோடு நிற்கவில்லை. பாயிரத்தை யார் எழுதலாம் என்றும் சொல்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணவர், தகுதியான உரைகாரர். தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்வது கூடாது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை இதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, வேறு யார் அதற்கு இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று பார். கொடுப்பவர் மதிப்புள்ளவராக இருந்தால் அந்த இணைப்புக்கும் மதிப்பு அதிகம். பிறர் எழுதும் பாயிரம்தான் இது. யோசனை நல்லது. கெட்டுப்போன விதம் நமக்குப் பழக்கமானது. நீ எனக்கு இணைப்புக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன். நீ என் பக்கத்தில் அருமை என்று எழுது, நான் உன் பக்கத்தில் அற்புதம் என்று எழுதுகிறேன். மொய் நோட்டு. மொய் செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கருத்துப் பெட்டியில் இணைப்பைத் திணிப்பதை மட்டுப்படுத்த 2005இல் தனிக் குறி கொண்டுவந்தார்கள். உப்புச்சப்பில்லாத உள்ளடக்கத்தைப் பின்னுக்குத் தள்ள 2011இல் பாண்டா, செயற்கை இணைப்புகளைப் பிடிக்க 2012இல் பெங்குவின் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் ஆலோசனைக் கட்டுரைகள் புதிய கட்டளைகளோடு மறுநாளே தயார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்னூலுக்கு அநியாயம். தற்புகழ்ச்சி கூடாது என்ற அதே நூல் நான்கு இடங்களில் அதை அனுமதிக்கிறது. அதில் ஒன்று, நம் ஆற்றல் இன்னதென்று அறியாதவர்களுக்கு நடுவே நிற்கும்போது. புதிதாக எழுத வந்தவர் எப்போதும் அங்கேதான் நிற்கிறார். ஆகவே, நான் இன்னார், இதை எழுதியிருக்கிறேன், இவர்களுக்குப் பயன்படும் என்று நாலு பேரிடம் போய்ச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். யாருக்கு என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

7

2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதும், பல வருடமாகத் தொடாமல் கிடந்த என் பழைய தளம் நினைவுக்கு வந்தது. அப்போதும் ஜூன் மாதங்களில் அந்தப் பட்டியலுக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. விளம்பரம் போட்டால் மாதம் ஏதாவது தேறும் என்ற கணக்கில் மே மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். தளத்தோடு இணைந்திருந்த பழைய மின்னஞ்சல் பெட்டியையும் திறக்கவேண்டியிருந்தது. குப்பைகளுக்கு நடுவே ஒரு கடிதம். வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

எழுதியவர் ஒரு பெண். 2012இல் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்குப் போனவர். அப்பா பவர்லூமில் வேலை பார்ப்பவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்தான். பிரவுசிங் சென்டரில் இருந்த பையன் என் பட்டியலை எடுத்துக்கொடுத்திருக்கிறான். அப்பா அதை இரண்டு தாளாக பிரிண்ட் எடுத்து, மதிப்பெண் சான்றிதழ்களோடு ஃபைலில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கிண்டிக்கு வந்திருக்கிறார். அப்போதெல்லாம் கவுன்சிலிங் நேரில்தான். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டென்று சொல்லவேண்டும்.

அவர் எழுதியிருந்ததை என் நினைவிலிருந்து தருகிறேன். 'அண்ணா, உங்க பட்டியல்ல மேல இருந்த மூணும் என் கட்-ஆஃபுக்கு முடிஞ்சிருச்சு. நாலாவது இருந்துச்சு. அப்பா பேப்பர்ல கைய வச்சு இதுதாம்மான்னு சொன்னாங்க.' பிறகு கல்லூரியைப் பற்றி மூன்று வரி. நாலு வருடத்தில் மூன்று துறைத்தலைவர்கள் மாறினார்கள். லேப் பாதி நாள் பூட்டியிருக்கும். விளம்பரத்தில் போட்டிருந்த கம்பெனி ஒன்றுகூட வரவில்லை. இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி. 'நாலாவது இடத்த எத வச்சு குடுத்தீங்கன்னு தெரிஞ்சிக்கலாமா? கோவத்துல கேக்கல அண்ணா. தம்பிக்கு இந்த வருசம் கவுன்சிலிங். எப்படிப் பாக்கணும்னு தெரிஞ்சிக்கிறதுக்குத்தான்.'

நாற்பதாயிரம் என்று நான் கொண்டாடிய எண்ணுக்குள் ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். என் எழுத்துவாழ்வில் ஒரு வாக்கியத்தை இவ்வளவு முழுமையாக நம்பிய வாசகர் வேறு யாரும் கிடையாது. கணக்கில் அவர் யார்? பிரவுசிங் சென்டரில் ஒரு வருகை, அடுத்த பக்கம் பார்க்கவில்லை, பூஜ்ய வினாடி.

பதில் எழுத நான்கு நாள் ஆனது. முதலில் சமாளித்து ஒன்று எழுதினேன்: அப்போது கிடைத்த தகவல்களின் அடிப்படையில், இத்யாதி. அழித்துவிட்டேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதினேன். அந்தக் கல்லூரியை நான் பார்த்ததில்லை. தேடுபெட்டியில் பெயர் மேலே வந்தது, நானும் மேலே வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். தம்பிக்காக, எதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதினேன். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே பருவத்துக்குப் பருவம் வெளியிடுகிறது. கல்லூரியின் பெயரைப் பார்க்காமல் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். முந்தைய வருடங்களில் எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்று பாருங்கள். துறைக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இப்போது மூன்றாம் ஆண்டு படிப்பவர் யாரையாவது பிடித்து, லேப் திறந்திருக்குமா என்று கேளுங்கள். அந்த வருடம்தான் கவுன்சிலிங் முதன்முறையாக இணையத்துக்கு மாறியிருந்தது. விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதையும் சேர்த்து எழுதினேன்.

'சரிங்கண்ணா. உண்மையச் சொன்னதுக்கு நன்றி' என்று பதில் வந்தது. அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் விளம்பரம் போடவில்லை. அழிக்கவும் இல்லை, அழித்தால் நான் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். வரிசை எண்களை எடுத்துவிட்டு, இதை எழுதியவர் இவற்றில் எட்டுக் கல்லூரிகளைப் பார்க்காமல் எழுதினார் என்று மேலே ஒரு குறிப்புப் போட்டேன். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்துத் தனிப்பக்கமாக்கி, அதற்கான இணைப்பையும் கொடுத்தேன். புதிய பக்கத்தின் தொடக்கத்தில், யார் எழுதியது, எந்த ஆண்டு, எங்கிருந்து எடுத்த விவரம், யாருக்கானது என்று நான்கு வரி இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் சரிபார்த்துத் தேதியை மாற்றுகிறேன். தலைப்பில் எண் இல்லை. பழைய பக்கம் இரண்டே வருடத்தில் தேடுபொறியில் கீழே இறங்கிவிட்டது. புதியது மேலே ஏறவும் இல்லை. போன ஜூனில் அதற்கு வந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதில் மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். ஒருவர், ஒரு பாடப்பிரிவின் பெயரைத் தப்பாகப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். திருத்திவிட்டேன்.